மூன்றரைக்குள் ஆறு பேர்

குளியலறைக் கதவுக்கு முன்னால் அருமைநாதன் துவாயைத் தோளில் போட்டபடி நின்றார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலாக ஒரு பிரெஞ்சுப் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனரின் சின்ன மகளின் குரல். பாட்டில் முதலில் ஒரு முயல் வந்தது, பிறகு அதன் தகப்பன் வந்தது, அதற்குப் பிறகு தாயும் பெரிய தாயும் வந்தார்கள். முயலுக்குச் சொந்தக்காரர் அதிகம் போலிருந்தது.

அவர் கதவை மெல்லத் தட்டினார்.

"மாமா, நான் இன்னும் பல்லுத் தீட்டேல்லை" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

இனி நின்றால் பஸ் போய்விடும். சவரக்கத்தியையும் நுரை டப்பாவையும் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேற்றைய தாடியோடு அருமைநாதன் வேலைக்குப் புறப்பட்டார்.

மொன்றியலில் வீட்டை அறைக் கணக்கில் சொல்லுவார்கள். கோட்-டெ-நெய்ஜில் அவர் குடியிருந்தது ஒரு மூன்றரை. வரவேற்பறை ஒன்று, படுக்கையறை ஒன்று, சமைக்கிற குசினி ஒன்று, ஆக மூன்று. குளியலறையை இந்த ஊரில் முழு அறையாக மதிப்பதில்லை, அதுதான் அந்த அரை. ஆறு பேர் ஒரு வீட்டில் இருக்கும்போது முழு அறைகளுக்காக யாரும் அடிபடுவதில்லை என்பதையும், அடிபாடெல்லாம் அந்த அரைக்குத்தான் என்பதையும் அருமைநாதன் அந்தக் கோடையில் கண்டுகொண்டார்.

யூன் மாதம் வரைக்கும் அந்த வீட்டில் அவரும் மனைவி புஷ்பராணியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அவர் வேலையால் வருவார், சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார், பிறகு படுப்பார். புஷ்பராணி குசினியில் தன் பாட்டில் இருப்பார். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. இந்தக் கட்டடத்திலேயே நிம்மதியான வீடு தன்னுடையதுதான் என்று அருமைநாதன் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு.

யூலை முதலாம் திகதி முழு நகரமும் வீடு மாறுகிற நாள். 2002ஆம் ஆண்டு மாறுவதற்கு ஆட்கள் இருந்தார்கள், வீடுகள் இருக்கவில்லை. புஷ்பராணியின் தம்பி கீர்த்திகன் மொன்றியல்-நோரில் இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மகனுக்கென்று திருப்பி எடுத்துக்கொண்டார். கீர்த்திகனும் மனைவி சிவாஜினியும் இரண்டு பெண்பிள்ளைகளும் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள்.

"ஒரு கிழமைதான் அத்தான்" என்றான் கீர்த்திகன்.

ஓகஸ்ட் பாதியும் போய்விட்டது. சனிக்கிழமைகளில் கீர்த்திகன் வீடு பார்க்கப் போவதும், திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தலையை ஆட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு வீட்டில் கூரை ஒழுகியது. ஒரு வீட்டில் எலி. இன்னொன்றில் வீட்டுக்காரரின் முகம் சரியில்லை.

*

சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அருமைநாதனுக்கு வேலை. அன்று அங்குள்ள கழிவறைக் கண்ணாடியில் அவசரமாகச் சவரம் செய்துவிட்டுத் தலைக்கு வலையைப் போட்டுக்கொண்டு இயந்திரத்தடிக்குப் போனார்.

தரக்கட்டுப்பாட்டுப் பகுதியில் ஃபுமிக்கோ என்று ஒரு ஜப்பானியப் பெண் அந்த வசந்தத்தில்தான் சேர்ந்திருந்தார். வயது அருமைநாதனோடு ஒத்தது. ஜப்பானில் ஆங்கிலம் படிப்பிக்கப் போன ஒரு கனடாக்காரரைக் கலியாணம் செய்து, நகரத்துக்கு வெளியே அவருடைய சொந்த வீட்டில் குடியிருந்தார். வேலையில் ஒரு தூசியைக்கூட விடாதவர். அவர் அருமைநாதனின் காதையே உற்றுப் பார்த்தார்.

காதுக்குப் பின்னால் சவர நுரை.

அருமைநாதன் வெட்கத்தோடு துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிலைமையை விளக்கினார். வீட்டில் ஆறு பேர், ஆனால் வீடோ மூன்றரை.

"மூன்றரையா?" என்று ஃபுமிக்கோ கேட்டார்.

"மூன்றரை."

"ஆறு பேரா?"

"ஆறு பேர்."

ஃபுமிக்கோ கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, ஒசாக்காவில் படிக்கும்போது தான் நாலரையில் இருந்ததாகவும், ஒரு ஆளுக்கே அந்த இடம் போதாமல் சில நாட்கள் அழுததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு அருமைநாதனுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் இருவருக்கும் அதைச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை. ஜப்பானில் ஓர் அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்லுவார்கள். ஒரு பாய் என்பது ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய நீளம், அதில் பாதி அகலம். மூன்று பாய் அறை, நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்று அது போகும். மூன்றரைப் பாயில் மூன்று பேர் படுக்கலாம், நாலாவது ஆள் குந்தியிருக்கலாம். மிச்ச இரண்டு பேரையும் எங்கே வைப்பது என்று யோசித்து ஃபுமிக்கோவுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அருமைநாதனுக்கோ வேறு யோசனை. ஒரு மாணவி, தனி ஆள், நாலரையில் இருந்திருக்கிறாள். மூன்று அறையும் ஒரு குசினியும் அரையும். அதற்குள் இருந்துகொண்டு இடம் காணாது என்று அழுதிருக்கிறாள். எவ்வளவு பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

*

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போனார். விருந்தினரைப் பற்றிக் குறை சொல்வதற்கு அந்த வீட்டில் அது ஒன்றுதான் இடம். புகை இழுக்கும் காற்றாடியைப் போட்டுவிட்டால் அதன் இரைச்சலில் அடுத்த அறைக்குப் பேச்சுக் கேட்காது. யூலையிலிருந்து அவர் தினமும் மாலையில் காற்றாடிக்குக் கீழே நின்று, அன்றைய குறைகளை மனைவியின் காதுக்குள் சொல்லிவந்தார். கீர்த்திகனின் குறட்டை, பிள்ளைகளின் சப்பாத்து, சிவாஜினி தலை கழுவ எடுக்கும் நேரம் என்று ஒவ்வொரு நாளும் சொல்ல ஏதாவது இருந்தது. புஷ்பராணி சட்டியைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார்.

அன்று ஜப்பான்காரியின் கதையைச் சொன்னார்.

"நாலரையில தனிய இருந்திட்டு அழுதவவாம். கேட்டியே ராணி கதையை?"

"தனிய எண்டா ஆருக்கும் அழுகை வரும்தானே" என்றார் புஷ்பராணி, கறிக்கு உப்புப் பார்த்தபடி.

அடுத்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஃபுமிக்கோ அருமைநாதனின் மேசைக்கு வந்து இருக்கத் தொடங்கினார். சின்ன இடத்தில் வசதியாக வாழ்வது எப்படி என்று தன்னால் ஆனதைச் சொல்லித் தருவது தன் கடமை என்று அவர் நினைத்தார். ஓர் அறைக்கு ஒரு வேலைதான் என்று வைத்திருந்தால் இடம் ஒருநாளும் காணாது என்றார். அவருடைய ஊரில் படுக்கையைக் காலையில் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். படுத்த அறையிலேயே சாப்பிடுவார்கள், சாப்பிட்ட அறையிலேயே பிள்ளைகள் படிப்பார்கள். கட்டில் வைத்திருப்பவன் பகல் முழுவதும் இரவுக்கென்று இடத்தைப் பூட்டி வைத்திருக்கிறான்.

அருமைநாதனுக்கு இது நியாயமாகப் பட்டது. அவருடைய கட்டில் படுக்கையறையில் முக்கால்வாசியைப் பிடித்திருந்தது. கட்டிலை எடுத்துவிட்டால் அந்த அறை பெரிதாகும், கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். காற்றாடிக்குக் கீழே திட்டத்தைச் சொன்னார். செய்து பாருங்கோவன் என்றார் புஷ்பராணி.

கட்டடத்தில் புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு பெடியன் கட்டிலைக் கொண்டுபோனான். ஃபுமிக்கோ வேலையிடத்துக்குக் காரில் கொண்டுவந்து தந்த மடிக்கும் மெத்தைகள் வந்து சேர்ந்தன. அறை உண்மையாகவே பெரிதானது. அவ்வளவு பெரிதானதால் இரண்டு சிறுமிகளும் அங்கே வந்து படுத்தார்கள். பிள்ளைகள் அழுவார்கள் என்று சிவாஜினி வந்தார். பெண்பிள்ளைகள் எல்லாரும் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று புஷ்பராணியும் அங்கேயே படுத்தார். அருமைநாதன் வரவேற்பறையில், கீர்த்திகனின் குறட்டைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

சோபாவை எடுத்தால் கீர்த்திகனிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் படுக்கலாம் என்று தோன்றியது. சோபா போனது. காலையில் மெத்தைகளை மடித்து வைத்த பிறகு வரவேற்பறை ஒரு மண்டபம் போல வெறுமையாகக் கிடந்தது. கீர்த்திகன் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டு ஒரு கரம் பலகை வாங்கிக்கொண்டு வந்தான். மேல்மாடியில் இருந்த இரண்டு பெடியள் விளையாட வந்தார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் எப்போதும் யாராவது ஒருவருடைய முதுகு இருந்தது. செய்தி பார்க்க முடியாமல் அருமைநாதன் ஒருநாள் பலகைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தார். கீர்த்திகன் சிவப்புக் காயை அடிக்கத் தெரியாமல் அடித்ததைப் பொறுக்க முடியாமல், அடுத்த ஆட்டத்தில் தானே கை வைத்தார்.

அன்று காற்றாடிக்குக் கீழே, வீட்டைச் சூதாட்ட மடமாக்கிவிட்டார்கள் என்று முறைப்பாடு செய்தார். யார் வென்றது என்று புஷ்பராணி கேட்டார். நான்தான் என்று சொல்லி, எப்படி வென்றார் என்பதைச் சட்டி மூடியை வைத்து விளக்கிக் காட்டினார்.

அடுத்தது சாப்பாட்டு மேசை. அதில் நாலு பேர்தான் இருக்கலாம், ஆகவே வீட்டில் இரண்டு பந்தி நடந்தது. இரண்டாவது பந்தி அருமைநாதனுக்கு. பொரியல் முதலாவது பந்தியிலேயே முடிந்துவிடும். ஜப்பானில் கதிரை இல்லாத பதிந்த மேசை, சுற்றிவர எத்தனை பேரும் நிலத்தில் இருக்கலாம் என்று ஃபுமிக்கோ சொன்னதைக் கேட்டு, ஒரு ஞாயிறு பல்கணியில் வைத்து மேசையின் நாலு காலையும் அரிந்தார். திங்கட்கிழமை பெருமையாகச் சொன்னபோது ஃபுமிக்கோ கொஞ்சம் தயங்கினார். அந்த மேசைகளின் கால் மடிக்கிற கால் என்றும், அரியத் தேவையில்லை என்றும் சொன்னார்.

மேசை திரும்ப உயரவில்லை. ஆறு பேரும் ஒரே வேளையில் சுற்றியிருந்து சாப்பிட்டார்கள். பொரியல் கிடைத்தது. ஆனால் பக்கத்தில் இருக்கிற மூத்தவள் அன்று பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொல்லுவாள், சொல்லிவிட்டு உங்கட வேலையில என்ன நடந்தது மாமா என்று கேட்பாள். பதில் சொல்லாவிட்டால் விடமாட்டாள். குளிசைகளைப் பற்றி இவ்வளவு கதை தன்னிடம் இருக்கிறது என்று அருமைநாதனுக்கே அதுவரை தெரியாது.

*

தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. சிறுவயதில் படுக்கை வைக்கும் அலுமாரிக்குள் ஏறித் தான் நித்திரை கொள்வதுண்டு என்று ஃபுமிக்கோ ஒருநாள் சொல்லிச் சிரித்தார். அருமைநாதன் சிரிக்கவில்லை. அவருடைய வீட்டு நடையில் குளிர்கால உடுப்புகள் தொங்கும் ஆழமான அலுமாரி ஒன்று இருந்தது.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, எல்லாரும் குளிக்கவும் சீப்பால் தலை இழுக்கவும் இருந்த நேரத்தில், அந்த அலுமாரிக்குள் ஒரு மெத்தையை விரித்துப் படுத்துக் கதவை இழுத்துக்கொண்டார். இருட்டு. குளிர்ச்சட்டைகளின் மணம். யாருடைய சத்தமும் சரியாகக் கேட்கவில்லை. யூன் மாதத்துக்குத் திரும்பிப் போனது போலிருந்தது. ஆனால் நித்திரை வரவில்லை. வெளியே கரம் காய் அடிபடும் சத்தம் மெல்லக் கேட்டது. யார் அடிக்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டு கிடந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

வெளியே அவரைக் காணவில்லை என்று தேடத் தொடங்கினார்கள். சப்பாத்து வாசலில் இருந்தது, குளியலறை பூட்டியிருக்கவில்லை, ஆள் இல்லை. பல்கணியிலிருந்து கீழே எட்டிப் பார்த்த சிவாஜினி அழத் தொடங்கினார். கீர்த்திகன் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினான். கட்டடத்தைப் பராமரிக்கும் கொன்சியேர்ஜ் மாக்கிரட் அக்கா, யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, திறப்புக் கோர்வையோடு வந்து சலவை அறையையும் கொதிகலன் அறையையும் திறந்து பார்த்தார். கடைசியில் சின்னவள்தான் ஒளித்துப் பிடித்து விளையாடும் அனுபவத்தில் நேரே அலுமாரியைத் திறந்தாள்.

அருமைநாதன் கண்ணைத் திறந்தபோது ஏழு முகங்கள் தெரிந்தன. ஒன்று மாக்கிரட் அக்காவுடையது, இன்னொன்று கரம் விளையாட வந்த பெடியனுடையது. அவருடைய மனைவியின் முகத்தில் ஈரம் இருந்தது.

"ஏன் மாமா தனிய ஒளிச்சனீங்கள்?" என்று சின்னவள் கேட்டாள்.

அவர் குளிர்ச்சட்டைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். தேடியவர்கள் எல்லாருக்கும் புஷ்பராணி தேத்தண்ணி ஊற்றினார். யாரும் ஏசவில்லை. கீர்த்திகனின் பாதத்தில் கண்ணாடித் துண்டு குத்தியிருந்தது. அதை ஊசியால் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, தன்னைத் தேடி ஒருவன் வெறுங்காலோடு ஓடியிருக்கிறான் என்று அருமைநாதன் நினைத்தார். தான் இல்லாவிட்டால் தேடுவதற்கு இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. அன்று பின்னேரம் காற்றாடிக்குக் கீழே நின்றும் அவருக்குக் குறை ஒன்றும் வாயில் வரவில்லை. வேறு கதை கதைத்துவிட்டு வந்தார்.

*

இதற்கிடையில் தொழிற்சாலையில் அவர் ஒரு மகானாகியிருந்தார். மூன்றரைக்குள் ஆறு பேரில் ஒருவராக வாழ்ந்துகொண்டு, ஒருநாளும் முகம் சுளிக்காமல் வேலைக்கு வரும் மனிதர் என்று ஃபுமிக்கோ எல்லாரிடமும் சொல்லியிருந்தார். கேட்ட கியூபெக்காரர்களுக்கு மூன்றரை என்றால் என்னவென்று தெரியும். ஆறு பேருக்கு நெருக்கம்தான், ஆனால் இதற்கு ஏன் ஃபுமிக்கோவுக்குக் கண் கலங்குகிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஜப்பானியர் இளகிய மனம் படைத்தவர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டை நடத்தும் பெண்மணிக்கு ஒருமுறை நேரில் மரியாதை செய்ய வேண்டும் என்று ஃபுமிக்கோ கேட்டபோது அருமைநாதனால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. புஷ்பராணி இடியப்பமும் மீன் குழம்பும் செய்தார். ஆனால் வரவேற்பறையில் கரம் பலகை, படுக்கையறையில் காயாத உடுப்பு, குசினியில் சட்டிகளின் குவியல். கடைசி நேரத்தில் அருமைநாதன் எல்லாக் கதவுகளையும் இழுத்துச் சாத்தினார். மணி அடித்தது. ஆறு பேரும் வாசலிலிருந்து உள்ளே போகும் ஒடுங்கிய நடையில் வரிசையாக நின்று வரவேற்றார்கள்.

ஃபுமிக்கோ உள்ளே வந்தார். கையில் சுருட்டிய ஒரு கோரைப்பாய். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்தார். இரண்டு பக்கச் சுவரையும், சாத்திய கதவுகளையும், வரிசையாக நின்ற ஆறு பேரையும் பார்த்தார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. மெல்ல முழங்காலை மடித்து அந்த நடையிலேயே இருந்து, புஷ்பராணிக்கு நெற்றி நிலத்தில் படுமளவுக்கு வணங்கினார். எவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறீர்கள் என்றார்.

விருந்தாளி நிலத்தில் இருக்கும்போது நிற்பது மரியாதையில்லை. ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக நடையில் இருந்தார்கள், பஸ்ஸில் இருப்பது போல. முதலில் நடையில் இருந்து உபசாரம் சொல்வது ஜப்பானிய வழக்கமாக இருக்கும் என்று அருமைநாதன் நினைத்தார். ஃபுமிக்கோவும் அருமைநாதனும் மாறிமாறிச் சிரித்துக்கொண்டார்கள். நேரம் போனது. கீர்த்திகனின் கால் விறைத்தது.

"இஞ்சேருங்கோ, இவ உள்ளுக்க வரமாட்டாவோ?" என்று புஷ்பராணி மெதுவாகக் கேட்டார்.

சின்னவளுக்குப் பொறுமை முடிந்தது. எழும்பிப் போய் வரவேற்பறைக் கதவைத் திறந்தாள். செப்டெம்பர் வெயில் நடைக்குள் வந்து விழுந்தது. ஃபுமிக்கோ தலையை நீட்டிப் பார்த்தார். பிறகு மூத்தவள் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். ஃபுமிக்கோ எழுந்து நின்றார். புஷ்பராணி குசினிக் கதவைத் திறந்தார்.

"இவை யாருடைய வீடுகள்?" என்று ஃபுமிக்கோ கேட்டார்.

"எங்களுடையது" என்றார் அருமைநாதன். "மூன்றரை."

ஃபுமிக்கோ கோரைப்பாயைப் பிரித்து நடையில் விரித்தார். அதைத் தள்ளித் தள்ளி அளந்துகொண்டு போனார். நாலாவது தரம் விரித்தபோது நடை முடிந்து, பாதிப் பாய் சுவரில் மடிந்தது.

"இதுதான் மூன்றரை" என்றார். "நீங்கள் ஆறு பேரும் இதற்குள் இருப்பதாக நினைத்தேன்."

அவர் பாய்க் கணக்கை விளக்கி முடித்ததும் முதலில் சிரித்தது சிவாஜினி. பிறகு ஃபுமிக்கோ வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. சிறுமிகள் பாயைப் பறித்துக்கொண்டு வீடு முழுவதும் அளந்தார்கள். வரவேற்பறை பத்துப் பாய், படுக்கையறை எட்டு, குசினி ஆறு. மேசைக் கால்களை வீணாக அரிந்தோமே என்று அருமைநாதனுக்கு ஒரு கணம் கோபம் வரப் பார்த்தது. ஆனால் அந்தப் பதிந்த மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்து இடியப்பம் சாப்பிட்டபோது, உயர்ந்த மேசையில் ஏழாவது ஆளை எங்கே இருத்தியிருக்கலாம் என்று அவருக்கே தெரியவில்லை.

போகும்போது ஃபுமிக்கோ மன்னிப்புக் கேட்டார். அருமைநாதன் தான்தான் கேட்க வேண்டும் என்றார்.

"இல்லை" என்றார் ஃபுமிக்கோ. "என் கணவரின் வீட்டில் எத்தனை பாய் என்று நான் எண்ணுவதில்லை. பின்னேரம் வரைக்கும் அதில் நான் மட்டும்தான் இருப்பேன், வேலை இல்லாத நாட்களில். நாளைக்கு உங்களுக்கு என்ன சொல்லித் தரலாம் என்று யோசிக்கத் தொடங்கிய பிறகு, ஊர் ஞாபகம் வந்து அழுவதை மறந்துவிட்டேன். நன்றி."

கோரைப்பாயை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

*

அந்தக் கிழமை முழுவதும் அருமைநாதன் வேறு வீட்டில் நடப்பது போல நடந்தார். அதே சுவர், அதே யன்னல். ஆனால் இருபத்துநாலு பாய். நடையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். குளியலறையை எண்ணவே இல்லை. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேலாக மூச்சு முட்டுகிறது என்று முறைப்பாடு செய்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. காலையில் குளியலறைக்குள் முயலின் பாட்டுக் கேட்டால், தட்டாமல் நின்று மிச்சச் சொந்தக்காரரும் வந்து முடியட்டும் என்று காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் தொண்டையைச் செருமினார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கீர்த்தி, நீ இனி வீடு தேடி அலைய வேண்டாம்" என்றார். "குளிர் வரப்போகுது. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமும் இஞ்ச கிட்ட. இந்த வீடு எங்களுக்குக் காணும். இருங்கோ."

சிவாஜினி, அண்ணை என்று தொடங்கி முடிக்க முடியாமல் நிறுத்தினார். கீர்த்திகன் அக்காவைப் பார்த்தான். புஷ்பராணி கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு அவசரமாகக் குசினிக்குப் போனார். அருமைநாதன் பின்னால் போய்ப் பார்த்தபோது, காற்றாடியைப் போட்டுவிட்டு முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லை. நீங்கள் சொன்னதுதான் சரி."

இத்தனை நாளும் தம்பிக்காகத் தன்னிடம் வாய் திறந்து கேட்கப் பயந்து இருந்திருக்கிறாள், பாவம், என்று அருமைநாதன் நினைத்துக்கொண்டார். அவருக்கு மனது நிறைந்திருந்தது. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஃபுமிக்கோவுக்கு ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது மாக்கிரட் அக்கா. கீர்த்திகனுக்கு வீடு பார்த்துக்கொடுக்கும்படி யூலையிலேயே அவரிடம்தான் சொல்லி வைத்திருந்தது.

சனிக்கிழமை காலை, இன்னொரு பெட்டி பணியாரத்தோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினார். மாக்கிரட் அக்கா நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருமைநாதன் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். இனி வீடு தேட வேண்டாம், எல்லாரும் ஒன்றாகவே இருக்கப் போகிறோம் என்று சொன்னார். அதற்கு ஏதும் அறிவிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரருக்கு நீங்களே அறிவித்துவிடுங்கள் என்றார்.

"எங்களுக்காக வீடு தேடிக் களைச்சுப் போயிருப்பியள் அக்கா. கிடைக்காட்டியும் நீங்கள் பட்ட பாட்டுக்கு நன்றி."

மாக்கிரட் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பெட்டியை வாங்கினார்.

"ஆர் தம்பி கிடைக்கேல்லை எண்டது? இந்தக் கட்டடத்திலேயே மூண்டு வீட்டுத் திறப்பைக் குடுத்தன், மூண்டு தரமும் உங்கட புஷ்பராணிதான் கொண்டுவந்து திருப்பித் தந்தவ, 'கீர்த்தி ஆக்கள் போனா இவர் என்னோட கதைக்கிறதை விட்டிடுவார் அக்கா' எண்டு."